டயட்டீஷியனா, நியூட்ரிஷனிஸ்டா, ஹெல்த் கோச்சா: அப்பாவை யாரிடம் கூட்டிப் போவது?

கேட்டது இது. அப்பாவுக்கு 62 வயது, பதினான்கு வருடமாகச் சர்க்கரை, போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 2.1, அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும் எண். டாக்டர் "ஒரு டயட்டீஷியனைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தேடினால் நான்கு பேர் கிடைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு டயட்டீஷியன், ஜிம்மில் 'சர்ட்டிஃபைட் நியூட்ரிஷனிஸ்ட்' என்று ஒருவர், சித்தியின் தோழியான 'வெல்னஸ் கோச்', இன்ஸ்டாகிராமில் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டிருக்கும் ஒருவர். இவர்களுக்குள் என்ன வித்தியாசம், யாரை நம்புவது? கூடவே, பிளஸ் டூ படிக்கும் தங்கை இந்தப் படிப்பையே எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், டயட்டீஷியனுக்கு ஆகும் கட்டணம் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறீர்கள்.

முதல் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படியுங்கள். உங்கள் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி டயட்டீஷியன்தான், அதிலும் சிறுநீரக நோயாளிகளைப் பார்த்துப் பழகியவராக இருந்தால் இன்னும் நல்லது. மற்ற மூன்று பேரில் யார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, கிரியேட்டினின் 2.1 இருக்கும் சர்க்கரைக்காரர் அவர்களிடம் போகக்கூடாது. ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், நான் பத்தொன்பது வருடமாக வார்டில் வேலை பார்க்கும் டயட்டீஷியன், போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டு வந்தவர்களை எமர்ஜென்சியில் பார்த்திருக்கிறேன்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். நம் நாட்டில் 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளும் நிலைதான் இத்தனை வருடமாக இருந்துவருகிறது. 'டயட்டீஷியன்' என்ற சொல்லுக்கும் நடைமுறையில் பெரிய காவல் இருந்ததில்லை. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கு 1948-லேயே ஃபார்மசி சட்டம் வந்துவிட்டது, நர்ஸ்களுக்கு அதற்கு முந்தைய வருடமே கவுன்சில் சட்டம் வந்துவிட்டது. என்ன சாப்பிடு, எதைச் சாப்பிடாதே என்று நோயாளியிடம் சொல்பவருக்குச் சட்டம் வர 2021 ஆனது. தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் என்று அதற்குப் பெயர். அதன் அட்டவணையில் டயட்டீஷியனும் நியூட்ரிஷனிஸ்டும் ஒரே தலைப்பின் கீழ் வருகிறார்கள். சட்டப்படி சுகாதாரத் தொழில்முறையாளர் என்ற தகுதிக்கு, மூன்றிலிருந்து ஆறு வருடத்துக்குள் குறைந்தது 3,600 மணி நேரம் படித்த பட்டம் வேண்டும். மத்தியிலும் மாநிலங்களிலும் பதிவேடு வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் மாநிலங்கள் கவுன்சில் அமைப்பதில் காட்டிய தாமதத்தைப் பார்த்து 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றமே இரண்டு மாதக் கெடு கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் போர்டில் இருக்கும் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதற்குப் பின்னால் என்ன படிப்பு இருக்கிறது என்று நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் வேறு மாதிரி சொல்லி உங்களைக் குழப்பக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 'டயட்டீஷியன்' என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர், அரசுப் பதிவேட்டில் இல்லாதவர் அதைப் போட்டுக்கொண்டால் குற்றம். ஆனால் அங்கேயும் 'நியூட்ரிஷனிஸ்ட்' என்ற பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் பதிவு பெற்ற டயட்டீஷியன் தேர்வு எழுத 2024 ஜனவரி முதல் முதுகலைப் பட்டமே கட்டாயமாகிவிட்டது. மலேசியாவில் 2016-ல் வந்த சட்டத்தின்படி இரண்டு பேருமே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு மதிப்பு, அதனால் லண்டன் மாமா சொல்வதை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

சரி, நம் ஊரில் ஒரு டயட்டீஷியன் எப்படி உருவாகிறார்? பிளஸ் டூவில் அறிவியல் பாடம், பிறகு மூன்று வருடம் பி.எஸ்சி. நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ். முன்பெல்லாம் ஹோம் சயின்ஸ் என்ற மனையியலில் சேர்ந்துதான் இதற்கு வருவார்கள். கோவை அவினாசிலிங்கம் கல்லூரி அப்படித்தான் பல தலைமுறைப் பெண்களை இந்தத் துறைக்கு அனுப்பியது, ராஜம்மாள் தேவதாஸ் அம்மையாரின் பெயர் தெரியாமல் எங்கள் தலைமுறையில் யாரும் படித்து முடித்திருக்க முடியாது. பி.எஸ்சி.க்குப் பிறகு இரண்டு வருடம் எம்.எஸ்சி. அல்லது ஒரு வருட முதுகலை டிப்ளமா. அப்புறம்தான் முக்கியமான கட்டம், ஆஸ்பத்திரி இன்டர்ன்ஷிப். வகுப்பில் படித்தவரையும் வார்டில் நின்றவரையும் பிரிப்பது அதுதான்.

இதற்கு மேல் 'ஆர்.டி.' என்று ஒன்று இருக்கிறது, ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன். 1963-ல் தொடங்கிய இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன் இதற்குத் தேர்வு நடத்துகிறது. தகுந்த மேற்படிப்பும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் இருந்தால்தான் எழுத முடியும், தேறினால் பதிவு எண் கிடைக்கும். நீங்கள் பார்க்கப் போகும் டயட்டீஷியன் 'ஆர்.டி.' என்று போட்டிருந்தால் அந்த எண்ணைக் கேளுங்கள். உண்மையிலேயே வைத்திருப்பவர் சந்தோஷமாகச் சொல்வார், நாங்கள் அதற்குப் பட்ட பாடு அப்படி. அதே சமயம் ஆர்.டி. இல்லாதவர் எல்லாம் மட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருபது வருடம் டயாலிசிஸ் நோயாளிகளைப் பார்த்துவிட்டு அந்தத் தேர்வை எழுதாமலேயே ஓய்வு பெற்றவர்கள் உண்டு, அவர்களிடம்தான் நான் வேலை கற்றேன்.

இப்போது உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன், படிப்பு எங்கே வேலை செய்கிறது என்பது அங்கேதான் புரியும்.

உங்கள் அப்பாவின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயாலிசிஸ் இல்லாத நிலையில் புரதம் ஒரு கிலோ எடைக்கு 0.6-லிருந்து 0.8 கிராம் வரை போதும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு, அதாவது ஒரு நாளைக்கு 36 முதல் 48 கிராம். இதே மனிதர் பின்னால் என்றாவது டயாலிசிஸுக்குப் போக நேர்ந்தால் கணக்கு தலைகீழாக மாறும், கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம், அதாவது 60 முதல் 72 கிராம் வேண்டும், ஏனென்றால் டயாலிசிஸில் புரதம் வெளியேறுகிறது. நேற்று வரை "பருப்பைக் குறை" என்று சொன்ன நாங்களே மறுநாள் "முட்டை சாப்பிடுங்கள்" என்போம். வீட்டில் இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், பலர் பயந்துபோய் முட்டையைத் தொடாமல் உடம்பைக் கெடுத்துக்கொள்வார்கள். இந்த மாற்றம் எந்த நாளில், எந்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்தான் உங்கள் அப்பாவுக்கு வேண்டும். ஜிம்மில் ஒரு ஸ்கூப் பவுடர் கொடுப்பார்கள், பொதுவாக அதிலேயே இருபது இருபத்தைந்து கிராம் புரதம் இருக்கும். உங்கள் அப்பாவின் ஒரு நாள் கணக்கில் பாதி அதிலேயே போய்விடும், மீதிப் பாதியில் அவர் மூன்று வேளை சாப்பிட வேண்டும்.

அடுத்தது பொட்டாசியம். பிரஷருக்கும் சிறுநீரகத்தைக் காப்பதற்கும் டெல்மிசார்ட்டான் மாதிரி மாத்திரை பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். அந்த மாத்திரை நல்லது, ஆனால் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். சிறுநீரகமும் சரியாக வெளியேற்றாது. இதற்கு மேல் யாராவது "இளநீர் குளிர்ச்சி, தினமும் குடியுங்கள்" என்று சொன்னால் ஒரு டம்ளருக்குச் சுமார் 400, 500 மில்லிகிராம் பொட்டாசியம் கூடுதலாகச் சேரும். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் சேர்த்திருப்பார்கள். பிரஷர் மட்டும் இருப்பவருக்கு அது நன்மை செய்யலாம், உங்கள் அப்பாவுக்கு ஆபத்து. இந்துப்பு மாற்று என்று நினைக்காதீர்கள், அதிலும் பெரும்பகுதி சாதாரண உப்புதான்.

ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் எமர்ஜென்சியில் இருந்து கூப்பிட்டார்கள். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், கை கால் சோர்ந்து போய் நாற்காலியில் இருந்து எழ முடியாமல் வந்திருக்கிறார், பொட்டாசியம் 6.8. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 6.8 என்றால் இதயம் எந்த நேரமும் தாளம் தப்பலாம். டாக்டர்கள் ஊசி போட்டு இறக்கிக்கொண்டிருக்கும்போது நான் அவர் மனைவியிடம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். கைப்பையில் இருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஆன்லைனில் பணம் கட்டி வாங்கிய 'கிட்னி டீடாக்ஸ்' சார்ட். காலை வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு ஒரு டம்ளர், பதினோரு மணிக்கு இளநீர், மதியம் கீரை ஒரு கிண்ணம், சாயங்காலம் தக்காளி சூப், இப்படி மூன்று வாரம். மேலே நோயாளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயரும் வயது 34 என்றும் இருந்தது. வேறு ஒருவருக்கு அனுப்பியதை அப்படியே இவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சார்ட்டில் உள்ள ஒவ்வொன்றும் ஆரோக்கியமானவருக்கு நல்ல உணவு. சிறுநீரகம் பாதி வேலை செய்பவருக்கு எல்லாம் ஒரே நாளில் சேர்ந்ததுதான் பிரச்சினை. அவர் பிழைத்துக்கொண்டார். அந்த அம்மா மட்டும் "நல்லதுதானே கொடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். சர்க்கரையும் சிறுநீரகமும் சேர்ந்தவர்களுக்கு இப்போது டப்பாகிளைஃபிளோசின் வகை மாத்திரை நிறைய எழுதுகிறார்கள். அதைச் சாப்பிடுபவர் திடீரென்று அரிசி, இட்லி எல்லாவற்றையும் நிறுத்தி கீட்டோ மாதிரி மாவுச்சத்தே இல்லாத உணவுக்குப் போனால், ரத்தச் சர்க்கரை சாதாரணமாகக் காட்டிக்கொண்டே உடம்பில் அமிலம் ஏறிவிடும் அபாயம் உண்டு. குளுக்கோமீட்டரில் எண் நன்றாக இருக்கும், ஆள் வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருப்பார். "இருபத்தோரு நாளில் சர்க்கரையை இறக்குகிறேன்" என்று மாவுச்சத்தை நிறுத்தச் சொல்பவர் அதற்கு முன்னால் மாத்திரைச் சீட்டைக் கேட்டாரா என்பதை மட்டும் பாருங்கள்.

இதைத்தான் நான் முதல் சோதனையாக எல்லோருக்கும் சொல்வேன். படித்தவர் உணவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன் உங்களிடம் லேப் ரிப்போர்ட்டும் மாத்திரையும் கேட்பார். எடை போன ஆறு மாதத்தில் எவ்வளவு மாறியது, கால் வீங்குகிறதா, சிறுநீர் எவ்வளவு போகிறது, வீட்டில் யார் சமைக்கிறார்கள், காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், ஊறுகாய், அப்பளம், கருவாடு எந்த அளவு, இதையெல்லாம் கேட்டுக் கேட்டு அரை மணி நேரம் போகும். ரிப்போர்ட்டே பார்க்காமல் பத்து நிமிடத்தில் சார்ட் கொடுப்பவர் எவ்வளவு பெரிய பட்டம் வைத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜிம் ஆளைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர்களில் உழைத்துப் படித்தவர்கள் இருக்கிறார்கள், விளையாட்டு ஊட்டச்சத்து என்பது தனிப் படிப்பு, எம்.எஸ்சி. முடித்து அதில் இருப்பவர்கள் உண்டு. ஆனால் 'சர்ட்டிஃபைட்' என்ற சொல்லுக்குள் இரண்டு வருட முதுகலையும் ஒளிந்திருக்கலாம், ஒரு வார இறுதி வகுப்பும் ஒளிந்திருக்கலாம். யார் சான்றிதழ் கொடுத்தார்கள், எத்தனை மாதம், நேரில் நோயாளியைப் பார்த்த பயிற்சி உண்டா என்று கேட்க வேண்டும். இருபத்தைந்து வயது ஆரோக்கியமான பையன் உடம்பு ஏற்ற நினைத்தால் நல்ல பயிற்சியாளர் சொல்வதைக் கேட்கலாம், பெரிய கெடுதல் வராது. நோய் என்று ஒன்று வந்துவிட்டால் அந்த எல்லை முடிந்துவிடுகிறது, நேர்மையான பயிற்சியாளர் அவரே "இது என் வேலை கிடையாது, டயட்டீஷியனைப் பாருங்கள்" என்று அனுப்பிவிடுவார். அப்படி எனக்கு அனுப்பிவைக்கும் இருவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

வெல்னஸ் கோச் விஷயம் வேறு. ஹெல்த் கோச் என்பவர் நல்ல பயிற்சி எடுத்திருந்தால் பழக்கத்தை மாற்ற உதவலாம், நடக்கச் சொல்லலாம், நேரத்துக்குத் தூங்கச் சொல்லலாம், கூடவே இருந்து ஊக்கம் கொடுக்கலாம். அதெல்லாம் வேண்டிய வேலைதான், டயட்டீஷியன்களான எங்களுக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஆனால் சித்தியின் தோழி ஷேக் டப்பா, அதாவது கரைத்துக் குடிக்கும் சத்துப் பவுடர், விற்கிறாரா என்று பாருங்கள். விற்கிறார் என்றால் அவர் ஆலோசனையின் முடிவு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, உங்கள் அப்பாவின் ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் கடைசியில் அந்த டப்பாவில்தான் வந்து நிற்கும். அவர் மோசமானவர் என்று சொல்ல வரவில்லை, பாதிப்பேர் அந்த டப்பாவைத் தங்கள் வீட்டுக்கே வாங்கி உண்மையாக நம்புபவர்கள், அவர்களும் கடன் பட்டு ஸ்டாக் எடுத்தவர்கள். டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க எண் இருப்பதைக் காட்டி "அரசு அங்கீகாரம்" என்பார்கள். அது உணவு தயாரிக்க, விற்க வாங்கிய உரிமம். அதை விற்பவருக்கு மருத்துவ ஊட்டச்சத்து தெரியும் என்பதற்கு அதில் எந்த அத்தாட்சியும் இல்லை. உணவுப் பொருள் ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை அதே ஆணையத்தின் 2018 விதிகள் தடுக்கின்றன.

இன்ஸ்டாகிராம் டாக்டர். பெயருக்கு முன்னால் வரும் 'டாக்டர்' நம் ஊரில் பல வழியில் வரலாம். எம்.பி.பி.எஸ். படித்தவர் போடலாம். ஊட்டச்சத்தில் பிஎச்.டி. முடித்தவர் போடலாம், அது முழு உரிமையோடு வாங்கிய பட்டம், ஆனால் அவர் மாத்திரையை மாற்றக்கூடாது. ஐந்தரை வருடம் பி.என்.ஒய்.எஸ். படித்த இயற்கை மருத்துவர் போடலாம், சித்த மருத்துவர் போடலாம், அவரவர் முறையில் அவர்கள் முறையாகப் படித்தவர்கள்தான், பத்தியம் என்ற சொல்லே அங்கிருந்துதான் நம் வாயில் வந்திருக்கிறது. பணம் கட்டி 'கௌரவ டாக்டர்' வாங்கிக்கொண்டவரும் போடுகிறார். அதனால் எந்த டாக்டர், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. சமூக ஊடகத்தில் உடல்நலம் பற்றிப் பேசுபவர்கள் தங்கள் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்ட்டில் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. பக்கத்தில் எங்கும் படிப்பு எழுதாமல், பேரும் புகழும் முன்பின் படங்களும் மட்டும் இருந்தால் அதற்கு மேல் தேட வேண்டாம்.

"அப்போ டாக்டரிடமே கேட்டால் போதாதா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எம்.பி.பி.எஸ். படிப்பில் ஊட்டச்சத்துக்குக் கிடைக்கும் இடம் குறைவு, ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் அதைவிடக் குறைவு. வேலைப் பிரிவு இப்படி இருந்தால் நன்றாக நடக்கும்: டாக்டர் எண்ணைச் சொல்வார், உப்பு இவ்வளவு, புரதம் இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று. டயட்டீஷியன் அதை இட்லியாகவும் குழம்பாகவும் மாற்றிக் கொடுப்பார். அரிசியை நிறுத்திக் கேழ்வரகுக்கு மாறச் சொல்லி எல்லாச் சர்க்கரைக்காரர்களுக்கும் ஊரே சொல்கிறது, ஆனால் கேழ்வரகில் பொட்டாசியம் வெள்ளை அரிசியைவிடப் பல மடங்கு, அதை உங்கள் அப்பாவுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எவ்வளவு கொடுக்கலாம் என்பது அவருடைய ரிப்போர்ட்டைப் பொறுத்தது. காய்கறியைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியம் குறையும், அம்மாவுக்கு இதைச் செய்து காட்டும் பொறுமை டயட்டீஷியனிடம்தான் இருக்கும்.

நியூட்ரிஷனிஸ்ட் என்ற பெயரையே நான் குறைத்துப் பேசுவதாக நினைத்துவிடாதீர்கள். பொதுச் சுகாதார ஊட்டச்சத்து என்று ஒரு பெரிய துறை இருக்கிறது, தமிழ்நாட்டுக்கு அதில் நல்ல பெயர் உண்டு. இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய ஆரம்பித்த ஒரு சின்ன இடத்தில் பிறந்தது, 1958-ல்தான் ஹைதராபாத் போனது. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் கிராமத்துப் பெண்களே மாதாமாதம் குழந்தைகளை எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துணவு கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேலையை வடிவமைப்பவர், ஒரு மாவட்டத்தில் ரத்தசோகை ஏன் குறையவில்லை என்று கண்டுபிடிப்பவர், அவரும் நியூட்ரிஷனிஸ்ட்தான். ஒரு ஊருக்கே என்ன தேவை என்று அவருக்குத் தெரியும். உங்கள் அப்பாவின் பொட்டாசியத்தைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலையில் வராது, அவ்வளவுதான்.

தங்கை விஷயம். அவளுக்கு ஆசை இருந்தால் தாராளமாகப் படிக்கட்டும், ஆனால் மூன்று விஷயம் பார்த்துச் சேருங்கள். பாடத்தின் பெயரில் டயட்டெடிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள், ஃபுட் டெக்னாலஜி என்பது உணவுத் தொழிற்சாலைப் பக்கம் போகும் வேறு படிப்பு, நல்ல படிப்புதான், ஆனால் வார்டுக்கு வர உதவாது. கல்லூரி எந்த ஆஸ்பத்திரியோடு இன்டர்ன்ஷிப்புக்கு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்று சீனியர் மாணவிகளிடமே கேளுங்கள், கல்லூரி விளம்பரத்தில் இருப்பதை நம்ப வேண்டாம். தொலைதூரக் கல்வியில் சேரவே கூடாது. முன்பு பலர் அப்படிப் படித்தார்கள், ஆனால் 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு இந்தப் படிப்புகளை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று சொல்லிவிட்டது. எதிர்காலத்தில் பதிவு செய்யும்போது சிக்கல் வராமல் இருக்க நேரடிப் படிப்புதான் வழி. சம்பளம் ஆரம்பத்தில் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். என் முதல் மாதச் சம்பளத்தில் பஸ் பாஸும் ஹாஸ்டல் கட்டணமும் போக மிச்சம் என்று எதுவும் நிற்கவில்லை. ஐ.சி.யூ., சிறுநீரகம், புற்றுநோய், குழந்தைகள் பிரிவு என்று ஒன்றில் ஆழமாக இறங்கினால் நிலைமை மாறும்.

கட்டணம் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். பக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்தால் அங்கே சிறுநீரகப் பிரிவு ஓ.பி.யில் காட்டி, அங்கிருக்கும் டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், காசு கிடையாது. கூட்டம் இருக்கும், காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள்.

முதல் தடவை போகும்போது கடைசி மூன்று ரத்தப் பரிசோதனை, எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில், மூன்று நாள் அப்பா சாப்பிட்டதை ஒரு நோட்டில் எழுதியது, இவற்றைக் கொண்டு போங்கள். நாட்டு மருந்து, கஷாயம் ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். அப்பாவின் உண்மையான எடையை அன்று காலையில் போட்டுக்கொண்டு போங்கள், கால் வீக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்புறம் அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவர் வீட்டில் உப்பு அளக்கும் ஸ்பூனையும் கையோடு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஸ்பூனைப் பார்த்தால்தான் எங்களால் சரியாகக் கணக்குப் போட முடியும்.